சோப்பத்தையின் கைகள்

எங்கள் கட்டடத்தில் பட்டப்பெயர் இல்லாமல் யாரும் குடியிருக்க முடியாது. வாடகை வாங்க வரும்போது படியிலேயே இருமிக் காட்டுகிற வீட்டுக்காரர் 'இருமல்'. நான் 'டெய்லரக்கா'. எதிர் வீட்டுக் கண்டக்டரின் அக்கா 'சோப்பத்தை'. அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

என் தையல் மிஷின் வாசலுக்கு நேரே இருக்கிறது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். எதிர் வீட்டுக் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அதனால் அந்த வீட்டுச் சங்கதியில் முக்கால்வாசி என் கண்ணில் பட்டுவிடும், மீதியை நானே ஊகித்துக்கொள்வேன். ஒட்டுக்கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. எனக்குக் காதில் விழும்.

சோப்பத்தை ஒரு காலத்தில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்கிற வேலை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் வேலை முடிந்ததும் அந்தச் சட்டத்தை மேலங்கியோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவளால் கழற்ற முடியவில்லை. கதவுப் பிடியைத் தொட்டால் கழுவினாள், சில்லறையைத் தொட்டால் கழுவினாள், கழுவிய கையால் குழாயை மூடினால் குழாயைத் தொட்டதற்காக மறுபடியும் கழுவினாள். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவளுக்குப் போடவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி, கடைசியில் அந்த வேலையே போயிற்று. அடுத்தது புருஷன். இவள் கை கழுவிக்கொண்டே நின்றாள், அவன் இவளையே கை கழுவிவிட்டுப் போனான். தம்பி போய்ப் பெட்டியும் கையுமாக அழைத்துக்கொண்டு வந்தான்.

கொழுப்பு என்றார்கள், திமிர் என்றார்கள், கிறுக்கு என்றார்கள். வியாதி என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. தம்பியின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். சோப்பத்தை கொஞ்ச நாள் சாப்பிட்டாள். கழுவுவது குறையத்தான் செய்தது. அதற்குள் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, இவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்தின?" என்று கேட்டேன்.

"தூக்கம் அமுக்குதுக்கா. பாப்பா அழுதா காதுல விழ மாட்டேங்குது" என்றாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டது முழுக்க இவள்தான். அப்பா காலையில் பஸ்ஸில் ஏறினால் ராத்திரிதான் இறங்குவான், அம்மா கடைக்குப் போய்விடுவாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் ஓயாமல் கை கழுவுகிறவள் ஒருத்தி இருந்தால் யாருக்குக் கசக்கும்? ஒரு விஷயம் நான் கவனித்திருக்கிறேன். உலகத்தில் எதைத் தொட்டாலும் தொட்ட பிறகு கழுவுகிறவள், பிள்ளையைத் தொட்டால் மட்டும் கழுவ மாட்டாள். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால்தான் கழுவுவாள். மூக்குச் சளியைத் துடைத்த கையோடு அப்படியே உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருப்பாள். அந்தக் குழந்தையும் அத்தையின் கையைத் தலைக்கு வைக்காமல் தூங்காது. பெற்றவள் ஆசையாகத் தூக்கினால்கூட "அத்தைக்கிட்ட" என்று கையை நீட்டும்.

அப்புறம் மழை பொய்த்தது. ஆழ்துளைப் போரில் மோட்டார் போட்டால் முதலில் சேறு வந்தது, பிறகு வெறும் சத்தம் மட்டும் வந்தது. கீழே பொதுக் குழாய் இரண்டு நாளைக்கு ஒரு முறை திறக்கும், வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. மாடிப்படியில் குடம் இடித்து இடித்து என் முழங்கால் கறுத்துப் போனது.

தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் சோப்பத்தையின் தம்பி மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளையைப் பெரிய தொட்டியில் நிற்க வைத்துக் குளிப்பாட்டுவாள், அந்தத் தண்ணீரில் துணி அலசுவாள், துணி அலசியதில் தரை துடைப்பாள், தரை துடைத்தது கழிவறைக்குப் போகும். அந்த வீட்டில் ஒரு சொட்டு நாலு வேலை பார்த்துவிட்டுத்தான் சாக்கடைக்குப் போக முடியும். இந்தக் கட்டடத்து ஆம்பளைகள் அவ்வளவு வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் என் பங்குக்குத் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன், அலசத் தண்ணீர் ஏது? பார்த்தவர்களெல்லாம் வயது குறைந்துவிட்டது என்றார்கள். பஞ்சத்தில் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

சோப்பத்தையும் சும்மா இருக்கவில்லை. சோப்புப் போட்டால் நுரை போக அதிகத் தண்ணீர் வேண்டுமென்று சோப்பையே விட்டாள். கைக்குக் கீழே தொட்டி வைத்துக் கழுவினாள். கழுவாமல் இருந்து பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள், நெற்றியெல்லாம் வியர்த்துவிடும், பிறகு ஓடிப்போய்ச் செம்பை எடுப்பாள். வேண்டுமென்றா செய்கிறாள்? ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கீழ்வீட்டுக்காரி குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காசைத் தண்ணியா செலவழிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். தண்ணியவே தண்ணியா செலவழிக்கிறவளை இப்பத்தான் பாக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். சோப்பத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஒரு முறை குழாய் திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். வீட்டில் அத்தை மட்டும். பிள்ளையைக் கழுவிவிட வேண்டும், துணி மாற்ற வேண்டும், வாயில் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கை சுத்தமாக இருக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அன்றைக்கு அந்தக் கை சுத்தமானதாக அவளுக்குத் தெரியவில்லை. தம்பியும் மனைவியும் வந்தபோது தண்ணீர் டிரம்மின் அடி தெரிந்தது. பிள்ளை உதடு காய்ந்து "தண்ணி, தண்ணி" என்று முனகிக்கொண்டிருந்தது. நான் என் வீட்டுக் கூஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தம்பி மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டி முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்து, "நான் எதுவும் சொல்லல. உங்க அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவன் நல்லவன். அக்காவைக் கண்கலங்க விட்டதில்லை. ஆனால் நாள் முழுக்க பஸ்ஸில் நின்று வந்தவன், அலுப்பில் சொன்னான்: "உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்க்கா. எதையும் தொடாம இருந்துடேன். தொட்டாத்தான கழுவணும்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். மறுநாள் கேட்டிருந்தால் அவனுக்கே நினைவு இருந்திருக்காது. ஆனால் சோப்பத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தேடிய மருந்து கிடைத்துவிட்ட மாதிரி அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் விடிகாலையில் குழாய் திறந்து டிரம் நிறைந்தது. சோப்பத்தை ஒரே ஒரு செம்பு தண்ணீரில் கையைக் கழுவினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டாள். மடியில் வைத்தால் துணி படும், கைப்பிடியில் வைத்தால் மரம் படும். கதவை முழங்கையால் தள்ளினாள், விளக்கைத் தோளால் போட்டாள். சாயங்காலம் டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. தம்பி மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் மறுபடியும் திறந்து பார்த்தாள்.

அதன் பிறகு சோப்பத்தைக்கு வந்த மரியாதை இருக்கிறதே! "பாத்தியா, மனசு வச்சா முடியும்" என்று சிரித்த வாய்களே புகழ்ந்தன. இருமல் எல்லா வீட்டிலும் போய் "அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் விரல் வெடிப்பெல்லாம் தானாகவே ஆறிவிட்டது. அவ்வளவு லட்சணமான கைகள் அவளுக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் பிள்ளை இருக்கிறதே. அது போய் மடியில் ஏறப் பார்க்கும். காலையில் கழுவிய கை அதற்குள் எத்தனை காற்றுப் பட்டதோ, எத்தனை தூசி பட்டதோ என்று அவளுக்குப் பயம். இன்னொரு செம்பு எடுக்கவும் மனசு வராது. கையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு, "அழுக்குடா கண்ணு. தொடக் கூடாது. தண்ணி தீந்துடும்" என்பாள்.

"தூக்கு" என்று அழும்.

"அழுக்குடா" என்பாள் மறுபடியும். பிள்ளை அழ அழ இவளும் அழுவாள். கண்ணைத் துடைக்கவும் கை கிடையாது, தோளில் முகத்தைத் தேய்த்துக்கொள்வாள். அம்மா தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போனதைப் பிள்ளை தானே சிந்திச் சிந்திச் சாப்பிட்டது. இவள் எதிரே உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று வாயாலேயே ஊட்டினாள். இதைப் பார்த்துக்கொண்டு தைக்கிறவளுக்குத் தையல் நேராக விழுமா? நான் தம்பியிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "மழை வர்ற வரைக்கும்தானக்கா" என்றான்.

ஒருநாள் பிள்ளை படியில் உருண்டது. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் சோப்பத்தை அங்கே நின்றாள். பிள்ளையின் நெற்றியில் ரத்தம். இவள் பக்கத்திலேயே குனிந்து, இரண்டு கையையும் காற்றில் நீட்டி, தொடாமல் நின்றாள்.

"தூக்குங்கக்கா, தூக்குங்க" என்று கெஞ்சினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கென்ன கை இல்லையா?"

"தாழ்ப்பாளைத் தொட்டுட்டேன்க்கா. அழுக்குக் கையால புண்ணைத் தொடக் கூடாது."

"போய்க் கழுவிட்டு வாயேன்."

"இன்னைக்கு என் செம்பு முடிஞ்சிடுச்சு."

"என் வீட்டுக் குடம் நிறைய இருக்கு, கழுவித் தொலை" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். தம்பிக்குக் கொடுத்த வாக்கு, ஊரான் தண்ணீர் என்றாலும் தண்ணீர்தான். நான்தான் பிள்ளையைத் தூக்கிக் கட்டுப் போட்டேன். சின்னக் காயம், சீக்கிரம் ஆறிவிட்டது. ஆனால் அன்று முதல் பிள்ளை "தூக்கு" என்று கேட்பதை விட்டுவிட்டது. என் மிஷினுக்குக் கீழே வெட்டுத் துணிகளை வைத்துத் தானே விளையாடிக்கொண்டிருக்கும். ராத்திரி அம்மா பக்கத்தில் தூங்கப் பழகிக்கொண்டது. சமத்தாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியில் மழை வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு மழை, நாள் கணக்கில் விடவில்லை. போர் ஊறியது. ஒரு விடுமுறை நாள் காலை இருமல் மாடிக்கே ஏறி வந்து, "மோட்டார் போட்டாச்சு, குழாயைத் திறந்து பாருங்க" என்றார். எதிர் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். தம்பி மனைவி புதுச் சோப்பின் காகிதத்தைப் பிரித்து நீட்டினாள்.

"ஆசை தீரக் கழுவுங்க அண்ணி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

சோப்பத்தை கழுவினாள். முழங்கை வரைக்கும், நகத்துக்கு உள்ளே, விரல் விரலாக. பிறகு ஈரக் கையோடு நேரே என் வாசலுக்கு வந்தாள். பிள்ளை துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. இவள் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்தாள். சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

"வாடா தங்கம். அத்தை கழுவிட்டேன், வா."

பிள்ளை எழுந்து இரண்டடி ஓடி வந்தது. பிறகு சட்டென்று நின்று, இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டது.

"வேண்டாம் அத்தை. பாப்பா அழுக்கு" என்றது.

அழுக்கு, அழுக்கு என்று அத்தனை நாளும் சொன்னாளே தவிர, யார் அழுக்கு என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை.

"யாருடா அப்படிச் சொன்னது?" என்றாள் சோப்பத்தை.

"நீதான் சொன்ன. பாப்பாவைத் தொட்டா தண்ணி தீந்துடும்."

அவள் பாய்ந்து பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள். "இல்லடா, இல்லடா. அத்தை கைடா அழுக்கு. அத்தை கை. நீ தங்கம்டா, நீ அழுக்கே இல்லடா" என்று சொல்லிச் சொல்லி அதன் நெற்றியிலும் கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தம்பி வாசலில் வந்து நின்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிள்ளை அழவில்லை. அத்தையின் மேல் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடி, விறைப்பாக அவள் இடுப்பில் இருந்தது. பிடிமானம் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்தது.

"பிடிச்சுக்கோடா, விழுந்துடுவ. அத்தை கழுத்தைப் பிடிச்சுக்கோ" என்று அவள் கெஞ்சினாள்.

பிள்ளை பிடித்துக்கொள்ளவில்லை.