ஆறு மாதப் பல்வலி

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடத்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டினேன், மிளகு பறித்தேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, யாரோடும் பேச வேண்டாம் என்பதுதான். பிறகு முதலாளியின் மகன் பாதித் தோட்டத்தில் காட்டேஜ் கட்டினார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ அமைதியான ஆளு. வர்ற கெஸ்ட்டுங்களக் கவனிக்க நீதான் சரி" என்றார். நான் அமைதியாக இருந்தது பயத்தினால் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வேலை சுலபம்தான். கார் வந்ததும் கேட்டைத் திறந்து, தட்டில் எலுமிச்சை ஜூஸ் நீட்டி, சிரித்து, 'வெல்கம் சார்' என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் காப்பிச் செடிகளிடம் சொல்லிப் பழகினேன். செடிகளுக்கு நன்றாகவே சொன்னேன். முதல் கார் வந்தபோது ஒரு அம்மாவைப் பார்த்து 'வெல்கம் சார்' என்றேன். பின்னால் இறங்கிய சாரிடம் ஒன்றும் சொல்லாமல் ஜூஸைப் பாதி அவர் சட்டையில் கொடுத்தேன்.

போகப் போக ஹாரன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. சனிக்கிழமை கூட்டத்தை நினைத்துப் புதன்கிழமையே சோறு இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று. ஹார்ட் அட்டாக்தான் என்று முடிவுகட்டி, எந்தச் சட்டையில் என்னைப் படுக்க வைப்பார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். மலையிலுள்ள ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். போனேன். மாத்திரை கொடுத்தார்கள், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை வரவேண்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் தூங்க ஆரம்பித்தேன்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைனில் ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் கடைசி வீட்டிலிருந்து விசாரிக்க வருவார்கள். அங்கே 'மண்டை டாக்டரிடம் போறவன்' என்று பேர் வாங்கிக்கொண்டு எப்படி நடமாடுவது? அதனால் பல்வலி என்றேன். அந்தப் பொய்க்கு நான்தான் கஷ்டப்பட்டேன். மனைவி எனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சினாள். கறி எடுத்த நாளிலும் கஞ்சிதான். மற்றவர்கள் எலும்பு கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடிப்பேன். வலி எந்தக் கன்னத்தில் என்பதும் எனக்கு அடிக்கடி மறந்துபோகும்.

ஆறாவது மாதம் மனைவியின் தம்பிக்கு நிஜமாகவே பல்வலி வந்துவிட்டது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் டீக்கடை வைத்திருக்கிறவன்.

"ஏனுங்க, இவனையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. "உங்க டாக்டரு நொம்ப கெட்டிக்காரரு. ஆறு மாசமாப் பாக்குறாரு, ஒரு பல்லக்கூடப் புடுங்கல!"

மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. போகாவிட்டால் மறுபடி அந்தப் படபடப்பு. போனால் குட்டு உடையும். வேறு சாக்கு யோசிப்பதற்குள் அவன் வீங்கிய கன்னத்தோடு பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "ஐயோ மாமா" என்று முனகினான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பல் பிரிவில் உட்கார வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். அவன் என் கையை விடவில்லை. உள்ளே போனதும், "ஏனுங்க டாக்டர், எங்க மாமாவத் தெரியுதுங்களா? ஆறு மாசமா உங்ககிட்டத்தான் வர்றாரு" என்றான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். லைட் அடித்துப் பார்த்தார்.

"இவருக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு ஆறு மாசம்?"

திறந்த வாயை மூட எனக்குத் தோன்றவில்லை.

அவனுக்குப் பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து, அரை மணி நேரம் பேசக் கூடாது என்று அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் என்னை முறைத்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். கார், தட்டு, புதன்கிழமை, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். குறுக்கே பேச முடியாத ஆள் கிடைத்தது என் அதிர்ஷ்டம். முடித்ததும் அவன் என் சட்டைப் பையிலிருந்த ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு, வழி கேட்டு, மனநலப் பிரிவு வரிசையில் எனக்காகப் போய் நின்றான்.

பஞ்சைத் துப்பியதும் முதலில் சொன்னது இது: "ஏனுங்க மாமா, உங்களுக்கு வேற வியாதியே கெடைக்கலியா? மூலம்னு சொல்லியிருந்தா எவன் கூட வந்திருப்பான்?"

அவன் வாய் சும்மா இருக்காது என்பதால், வீடு சேர்ந்ததும் மனைவியிடம் நானே சொன்னேன்.

"ஆறு மாசம்! ஆறு மாசம் உங்களுக்குன்னு தனியாக் கஞ்சி காச்சியிருக்கேன்!" என்று கத்தினாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "இப்பத் தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டாள்.

"வருது" என்றேன்.

அடுத்த மாதம் அவளும் வந்தாள். எனக்கான நேரம் முழுக்க அவளே பேசினாள். வீட்டில் இருக்கும்போது ஹாரன் கேட்டால் நான் குளியலறைக்குள் போய் நிற்பதைக்கூட அவள் கவனித்திருக்கிறாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "பேச வரலைன்னா எழுதிக் கொண்டு வாங்க" என்றார். நோட்டு வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். பேனா எழுதவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கேட்டில் இன்னும் நான்தான் நிற்கிறேன். நெஞ்சு சில நாள் அடிக்கிறது, சில நாள் இல்லை. இன்று மழை, கார் ஒன்றும் வரவில்லை. நாளை காலை டாக்டரிடம் போக வேண்டும், அதனால்தான் இந்த நோட்டைத் திறந்தேன். மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள்.

ஐப்பசி 20, வியாழக்கிழமை.