பன்னிரண்டு எழுத்துகளை இடம் மாற்றியவன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் பத்தாம் மாடியில், காலைத் தேநீரோடு நான் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டு நிற்கும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தால் தட்ட வேண்டும். பழைய தமிழ்க் குறியீட்டில் இருக்கும் கோப்பை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி அது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், அறுபது வயதுக்குமேல் அதை நானாகவே கற்றேன். தெரியாத எழுத்து குறுக்கே வந்தால் அது மழுப்பாது. இத்தனையாவது இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். இந்த மலாய் நாட்டில் என்னோடு ஒளிவுமறைவின்றிப் பேசுவது அது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன். அதன் வாயையும் அடைக்க வழியுண்டு என்பதைச் சென்ற மாதம் கண்டேன்.

பழைய கோப்புகளை மாற்றித் தருபவன் என்று கேள்விப்பட்டு, கிள்ளானிலிருந்து சரோஜா என்னைத் தேடி வந்தார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். மூடப்பட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். அந்தத் தோட்டத்து இடுகாட்டில் வீடுகள் எழப் போகின்றன. உறவினர் உரிமை கோரும் உடல்கள் பெயரோடு புதிய இடத்துக்குப் போகும். கோரப்படாதவை ஒரே குழிக்குப் போகும். நில அலுவலகத்தில் உரிமை கோர வெள்ளிக்கிழமை கடைசி நாள். அங்கே கல்லறை என்று எதுவும் இல்லை, எண் பொறித்த சிமெண்ட் முளைகள்தாம். எந்த எண்ணில் யார் கிடக்கிறார் என்பது சங்கத்தின் பதிவேட்டில் மட்டுமே உண்டு. அச்சிட்ட படிகளை வெள்ளம் கொண்டுபோனது. எஞ்சியது ஒரு குறுந்தகட்டுக் கோப்பு; அதன் படியொன்றைச் சங்கம் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தது.

“அங்கிள், ஆபீஸ்ல குடுத்த லிஸ்ட்ட பாருங்க லா. நூத்தி நாப்பத்தி மூணு, முதமா. யாரு இந்த முதமா? எங்கம்மா முத்தம்மா!”

“ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?”

“டெத் செர்ட்ல இருக்கற பேரும் லிஸ்ட்ல உள்ள பேரும் சேம் இல்லையாம். அப்ப நான் யாரு பிள்ளையாம்? கீழ வீட்டுச் சின்னக்கண்ணு தாத்தாவப் பாருங்க, சினகணுவாம். செத்தும் எளைச்சுப் போய்ட்டாரு மனுசன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும்முன் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எது நடந்தது என்று தெரிந்துவிட்டது. கருவிக்குச் சில எழுத்துகள் புரியவில்லை. அது நின்றிருக்கிறது. நிற்பது தொல்லையாக இருக்கவே, அலுவலகத்தில் கோப்பை மாற்றியவர் புரியாததை விட்டுவிட்டுப் போ என்னும் கட்டளையைச் சேர்த்திருக்கிறார். அதன்பின் அது முணுமுணுக்காமல் மெய்யெழுத்துகளை உதிர்த்துக்கொண்டே ஓடி முடித்திருக்கிறது.

அந்த எழுத்துகள் ஏன் புரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டைத் தட்டச்சு செய்தவன் நான்.

சிவகாசியில் நான் அச்சுக்கோத்தவன். அங்கே ஓர் அச்சகத்தின் ஈய எழுத்தை எடுத்து இன்னோர் அச்சகத்தில் கோத்தாலும் அது அதே எழுத்துதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலை பெர்மிட்டில் இங்கே ஓர் அச்சகத்துக்கு வந்தேன். கணினி நுழைந்திருந்த காலம். ஒவ்வோர் அச்சக முதலாளியும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தார். எழுத்துகளின் இடங்களைக் கலைத்து வைத்தால், வாடிக்கையாளர் கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போக முடியாது. போனாலும் அங்கே குப்பையாகத்தான் திறக்கும். எங்கள் முதலாளி என்னிடம், “ஒரு டஜன் எழுத்த எடம் மாத்தி வை. எவனும் தொடாத எடமாப் பாத்து வை. அப்பத்தான் திரும்ப நம்மகிட்ட வருவானுங்க,” என்றார். நான் பன்னிரண்டு மெய்யெழுத்துகளை மாற்றி வைத்தேன். கைவேலை சுத்தம் என்று பாராட்டும் வாங்கினேன்.

தாயகத்து வாசகர்களே, நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். மேடையில் தமிழை அன்னை என்று அழைத்துவிட்டு, அச்சகத்துக்குள் போய் அவளை அறை அறையாகப் பூட்டிய வேலை அங்கும் நடந்தது. கடல் தாண்டித் தமிழ் வாழ்கிறது என்று எங்களுக்குப் பொன்னாடை போர்த்த வருகிறீர்கள். வாழ்கிறதாம்! தோட்டத்தில் செத்தவளின் பெயரை ஒரு கடைக்காரனின் பூட்டுக்குள் வைத்தோம். சாவி செய்தவன் நான்.

சரோஜாவின் மூலத் தகட்டில் கோப்பு சேதமின்றி இருந்தது. முதலில் அந்தப் பன்னிரண்டையும் அவற்றின் உரிய இடத்துக்குத் திருப்பும் ஒரு வரி; பிறகு மாற்றும் கருவிக்கு ஒரு வரி. எழுத்துகள் புகுந்த இடங்களை என் விரல்கள் மறக்கவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரத்தையே தந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கெடாமலிருக்க, வேறு நல்ல காரியம் எதுவும் என் விரல்களுக்குக் கிடைக்கவில்லையா? கருவி ஒருமுறைகூட நிற்காமல் முடித்தது. 143. முத்தம்மா.

வியாழக்கிழமை புதிய பட்டியலை அச்சிட்டுக்கொண்டு இருவரும் அலுவலகம் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் இளைஞர். மரியாதையில் குறை வைக்கவில்லை.

“பாச்சிக், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று மலாயில் கேட்டார். பெரியவரை அவர்கள் அப்படித்தான் விளிப்பார்கள்.

“உறவு இல்லை. பெயர்களைத் தட்டச்சு செய்தவன்.”

“வாரிசு இல்லையென்றால் வெளியே உட்காருங்கள், பாச்சிக்.”

“உங்கள் பட்டியல் தவறு.”

“கணினி எந்தப் பிழையும் காட்டவில்லையே?”

“காட்டாதே என்று கட்டளை இட்டால் எப்படிக் காட்டும்?” என் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினர். நான் அவரைத் திட்டுவதாக எண்ணி அவர் தண்ணீர் போத்தலை என் பக்கம் நகர்த்தினார். சரோஜா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மேலதிகாரி வந்தார். பழைய பட்டியலும் சங்கத்தின் கோப்பிலிருந்து வந்தது, புதியதும் அதிலிருந்தே வந்தது. எதை நம்புவது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நடந்ததை விளக்கினேன். எழுத்துகளை இடம் மாற்றியவர் யார், எதற்காக மாற்றினார் என்று எழுதிக் கையொப்பமிட்டால் ஏற்பதாகச் சொன்னார்.

“அங்கிள், மொதலாளி சொன்னாருன்னு போடுங்க லா. அவருதான் போய்ச் சேந்துட்டாரே,” என்றார் சரோஜா காதருகில்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் எழுதியது இதுதான்: வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாதிருக்க, இந்தப் பன்னிரண்டு எழுத்துகளையும் நான் என் கையால் இடம் மாற்றினேன். மலாயில் எழுதினேன். கீழே தமிழில் கையொப்பமிட்டேன். சின்னக்கண்ணுவும் மற்ற எல்லோரும் ஒரே கையொப்பத்தில் முழுதாக எழுந்து வந்தார்கள்.

மறு வாரம் முத்தம்மாவைப் புதிய இடத்தில் வைத்தார்கள். சரோஜா கற்பூரம் ஏற்றிவிட்டு, சங்கத்தின் புதிய பதிவேட்டை மடிக்கணினியில் திறந்து என்னிடம் நீட்டினார். “எடம் இன்னும் இருக்கு அங்கிள். ஒங்க பேரையும் போட்டு வைக்கவா? நீங்களும் எங்காளுதானே.” என் அடையாள அட்டை இன்னும் சிவப்பு, நிரந்தரவாசி, குடிமகன் அல்லன். ஊரில் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை அண்ணன் எப்போதோ எடுத்துவிட்டார். கடைசி வரிசையில் எண்ணைத் தட்டினேன். பெயர்க் கட்டத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. எந்த நாட்டின் ஏட்டிலும் முழுதாக இல்லாத பெயரை அங்கே எழுத மனம் வரவில்லை; எதுவும் தட்டாமல் சேமித்துவிட்டு, கணினியை அவரிடமே கொடுத்தேன்.

ஐயா, அம்மையீர், இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து ஒரு படி எடுத்து, அழியாமல் வைத்திருங்கள்.