மூன்றாவது கிளாஸ்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் மூக்கர் என்றுதான் பெயர். ஒயின் இறக்குமதி செய்கிற அந்த இடத்தில் எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று இருபத்திரண்டு வருடமாகத் தீர்ப்புச் சொன்னது அவர் மூக்கு. பாட்டிலைத் திறந்து ஊற்றுவது என் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த நன்றிதான் என் வாயைக் கட்டிப்போட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் கறுப்புக் கிளாஸில்தான் ஊற்றச் சொல்வார். நிறம் தெரிந்தால் கண் குறுக்கே புகுந்து கெடுத்துவிடும் என்பார். போன குளிர்காலத்தில் சளியும் காய்ச்சலுமாக மூன்று வாரம் படுத்து எழுந்தவர், சாதாரணக் கிளாஸ் போதும் என்றார். எந்த ஊர் ஒயின் எந்த வரிசையில் வருகிறது என்று என்னிடம் சீட்டும் கேட்டார்.

"வயசாச்சுடா, ஞாபகம் நிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

ஒருநாள் காலையில் கமே என்கிற திராட்சையில் செய்த ஒயின்கள் நான்கு வந்தன. திராட்சை ஒன்றுதான், மண் வேறு. பொஜொலே, லுவார், ஜெனீவா, ஒரேகன் என்று நான்கு இடம். முதலாளியம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டிலைத் திறந்ததுமே நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தது. கார்க் கெட்டு, ஒயினையும் கெடுத்திருந்தது. வேறு பாட்டிலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று அதையே ஊற்றினேன். புத்தி அப்படிப் போனது.

"பொஜொலே. செர்ரிப்பழம்" என்றார் அத்தான். "லுவார். மிளகு கொஞ்சம் தூக்கல்." மூன்றாவது கிளாஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடினார். "ஜெனீவா. இருக்கிறதுலயே இதுதான் சுத்தம். ரோஜாப்பூ மாதிரி."

முதலாளியம்மா அந்தக் கிளாஸை முகர்ந்துவிட்டு, தள்ளி வைத்தார். "மூக்கருக்கு இன்னிக்கு ஜலதோஷமோ?" என்று சிரித்தார். அத்தானும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

படிக்கட்டில் அவரை மடக்கினேன். "அத்தான், மூணாவது கெட்டுப்போனது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தக் காய்ச்சலுக்கப்புறம் ஒரு வாசனையும் இல்லடா. காப்பியும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான். உங்க அக்காகிட்ட சொல்லிடாத. மூக்கும் இல்லேன்னா அப்புறம் நான் யாரு?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானும் கூட்டு. வேலைதான் போகும் என்று பயந்தேன். அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி திரும்பும்போதே கேஸ் நாற்றம். மீதிப் படிகளை எப்படி ஏறினேனோ தெரியாது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே நாற்றம் குமட்டியது.

அடுப்பங்கரையில் அத்தான் நின்றிருந்தார். "வாடா. அக்கா தலைவலின்னு கதவைச் சாத்திட்டு உள்ள தூங்குறா. காப்பி போடலாம்னா இந்த அடுப்பு பத்தித் தொலைய மாட்டேங்குது. ரொம்ப நேரமா லைட்டரோட மல்லுக்கட்டிட்டு இப்பதான் தீப்பெட்டியைத் தேடிப் பிடிச்சேன்."

குச்சி கையில் இருந்தது. பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். பெட்டி பறந்து குச்சிகள் சிதறின. கேஸைத் திருகி மூடி ஜன்னல்களைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்தார். மெல்ல மெல்ல முகம் வெளுத்தது.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். "வீடே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?" என்று அவரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இவருக்கு வாசனை தெரியலேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்கா" என்றேன்.