எர்த் அடிக்காமல் ஒரு ரப்பர்

குட்மேய்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப் என்னுடையது. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு சேற்றுப் பாதைகளில் ஓட்டுவேன். அங்கே போன் வேலை செய்யாது என்பதால் வண்டிக்கு வண்டி பேசும் சிபி ரேடியோ ஒன்று வாங்கினேன். ரேடியோவை நான் உள்ளே பொருத்த, அன்ரெனாவை வெளியே பூட்டியவர் என் கணவர்.

"எர்த்தை வடிவாப் பாருங்கோ," என்றேன்.

"ஓம், அதெல்லாம் பாத்திட்டன்."

ரேடியோவைப் போட்டால் வந்தது வெறும் இரைச்சல். வயரை மாற்றினேன், அன்ரெனாவின் மேல்கம்பியை மட்டும் மாற்றினேன், கடைக்காரரோடு சண்டையும் பிடித்தேன். வெறுத்துப்போய் அப்படியே ஓட்டப் போனேன். ஒரு சரிவில், பாதை இடிந்திருக்கிறது, வராதே என்று முன்னே போன நண்பர் ரேடியோவில் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவே இல்லை. அவர் இறங்கி ஓடிவந்து மறித்திராவிட்டால் ஜீப்போடு பள்ளத்துக்குள் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அன்ரெனாவை அடியோடு கழற்றினேன். அடியிலும் திருகாணிகளைச் சுற்றியும் அழகாக வெட்டிய ரப்பர்! வண்டியின் இரும்பில் முட்டினால்தானே எர்த் கிடைக்கும், எர்த் கிடைத்தால்தானே ரேடியோ கேட்கும்?

"ஏன் இதை வைச்சனீங்கள்?"

"நீர்தானே எர்த்தைப் பாக்கச் சொன்னனீர்? தொட்டா எர்த் அடிக்கக் கூடாதெண்டு போட்டனான்."

கரண்ட் அடித்தாலும் 'எர்த் அடிக்குது' என்பதுதானே எங்கள் பேச்சு!

பெயின்றைச் சுரண்டி, இரும்போடு இரும்பாகப் பூட்டினேன். ரேடியோ தெளிவாகப் பேசியது. இப்போதெல்லாம் யாரிடமும் எர்த்தைப் பார்க்கச் சொல்வதில்லை. "இரும்பு இரும்பில முட்ட வேணும்," என்கிறேன். சொல்லிவிட்டு, நானே குனிந்தும் பார்க்கிறேன்.