பாதியில் திறக்காத குறடு

பாலவனத்தத்தில் சீனிச்சாமியோடு சண்டை போடாதவர்கள் யாரென்றால், இன்னும் அவனோடு பேசாதவர்கள்தான். மோட்டார் வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் ஆகாது. அடுத்தவன் போட்ட வயர் இணைப்பைக் கண்டாலே அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதிலும் தங்கை ராஜேஸ்வரியின் புருஷன் தங்கபாண்டிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு கல்யாண வீட்டில் தங்கபாண்டி வயர் முறுக்கிய லட்சணத்தைச் சபையில் வைத்துக் கேலி பண்ணினான். அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கையைப் பார்க்கப் போனாலும் அவள் நீட்டும் செம்புத் தண்ணீரைத் தொட மாட்டான்.

அந்தத் தங்கை போன் செய்தாள். கிணற்று மோட்டார் ஓடவில்லை. மிளகாய்ச் செடி வாடிக்கிடக்கிறது. மதியத்தோடு மோட்டார் ஓட்டுகிற த்ரீபேஸ் கரண்டு போய்விடும். இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் பூவெல்லாம் கொட்டிப்போகும்.

போனான். மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்தான். வயர் முனையில் மாட்டுகிற செம்புக் குப்பி, அதுதான் லக்கு, கருகியிருந்தது. வயரை லேசாக இழுத்ததுமே உருவிக்கொண்டு வந்தது.

“இதை எதை வச்சு அமுக்குன, மாப்ள?”

தங்கபாண்டி அருப்புக்கோட்டையில் வாங்கிய, லக்கை அமுக்குகிற புதுக் குறட்டைக் காட்டினான். அதன் வாயில் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளி.

“இது பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன லக்குக்கு உள்ளது. மொட்டைச் செம்புல பல்லு பதியுமா? வயரு தடிமன் என்ன, லக்கு என்ன, குறட்டு வாயி என்னன்னு பாக்க வேணாமா? கடைக்காரன் குடுத்தா வாங்கிட்டு வந்துருவியா?” என்றபடி சீனிச்சாமி தன் பையிலிருந்து வேறொரு குறட்டை எடுத்தான்.

“ரொம்பப் பீத்திக்காதீக. குடுங்க அதை.”

அந்தக் குறட்டைத் தங்கபாண்டி பிடுங்கினான். புது லக்கில் வயரைச் செருகி அமுக்கினான். கை வலித்ததும் பாதியில் விட்டான். குறடு வாயைத் திறக்கவில்லை. உதறினான், இழுத்தான். கவ்வியது கவ்வியபடியே இருந்தது.

அந்தக் குறடு முழுசாக அமுங்கினால்தான் தானாகத் திறக்கும். இல்லையென்றால் பிடிகளுக்கு நடுவில் உள்ள சின்ன விசையைத் தட்ட வேண்டும். சீனிச்சாமிக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் வேப்பமரத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். ‘தெரியலை மச்சான்’ என்று அவன் வாயால் சொல்லட்டுமே. மாப்பிள்ளையும் வீம்புக்காரன்; வேர்த்து வழிந்தும் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் ராஜேஸ்வரி வந்து குறட்டை வாங்கினாள். ஒரு பிடியைத் தொடையில் ஊன்றி, மறுபிடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். டக்கென்று வாய் திறந்தது. வயரை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

“மாட்டு,” என்று அண்ணனிடம் நீட்டினாள்.

மாட்டினான். மோட்டார் ஓடியது. முதல் பாத்தி நனைவதற்குள் கரண்டு போய்விட்டது.

“தொறக்கத் தெரியும்ல ஒனக்கு?” என்றாள் ராஜேஸ்வரி.

அவன் ஸ்டார்ட்டரை மூடினான்.

“அவுகளுக்குத் தெரியலை. நீ தெரிஞ்சே நின்னு பாத்துக்கிட்டு இருந்த. இனி மோட்டாரு நின்னா வீரசோழன் ஊர்ல ஆளு இருக்கு. நீ வராத.”

சீனிச்சாமி குறட்டைப் பையில் போட்டான். தொண்டை வறண்டிருந்தது. கிணற்றடியில் குடமும் செம்பும் இருந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து நின்றான். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவே இல்லை.