கறுப்பு பூசாத கடிதம்

கண் மங்கிவிட்டது என்று, என் மின்னஞ்சல்களைப் படித்துச் சொல்ல மகன் ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறான். மணிக்கொரு முறை அதுவே போய்க் கடிதங்களை எடுத்துவரும். அவசரமானதை உடனே வாசிக்கும், மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைக்கும். அவனுக்கு ஒரே பெருமை. எனக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லை. எழுபதுகளில் நானே அப்படியொரு யந்திரமாக இருந்தவன்.

அப்போது சாந்தன்பாறை மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கிளார்க். தபால் பையை வாங்கிவருவதும், எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்தன. சோம்பேறிக்கு ஒரு விதி வேண்டுமே! மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல செய்தி, கறுப்பு பூசியிருந்தால் சாவு. இரண்டையும் அன்றே படிப்பேன். ஒன்றும் இல்லாதது ஞாயிறுவரை மேசை இழுப்பறையில் கிடக்கும்.

ஒரு சனிக்கிழமை கறுப்பு பூசிய கடிதம் வந்தது. காயெடுக்கும் பெண் ஒருத்திக்கு, போடிப் பக்கத்திலிருந்து அவள் அண்ணன் எழுதியது. அவளைக் கூப்பிட்டு, வழக்கம்போல் மடமடவென்று படித்தேன். ‘அம்மா வியாழக்கிழமை காலமாகிவிட்டாள். முந்தின கடிதம் கண்டதும் நீ வருவாய் என்று கடைசிவரை வாசலையே பார்த்துக் கிடந்தாள்.’ படித்து முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"முந்தி ஒரு காயிதம் போட்டாகளாமே, ஐயா?" என்றாள்.

திங்கட்கிழமையே வந்திருந்தது. இழுப்பறையில் கிடந்தது. உயிரோடிருக்கும் தாயைப் பற்றி எழுதும்போது எந்தப் பிள்ளை கறுப்பு பூசுவான்? அது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. போடிக்கு பஸ்ஸில் அரைநாள்கூட ஆகாது.

எடுத்துப் பிரிக்கப் போன என் கையை மறித்தாள்.

"வேணாங்கய்யா. இதுல எங்காத்தா உசுரோட இருக்கா."

சாவுக் கடிதம் வீட்டுக்குள் போகக் கூடாது என்ற வழக்கப்படி, கறுப்புக் கடிதத்தை வாசலிலேயே கிழித்துப் போட்டாள். மற்றதைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போனாள். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

திரும்பி வந்த பிறகும் அவளுக்குக் கடிதங்கள் வந்தன. வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒன்றைக்கூட என்னைப் படிக்கச் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் அன்றன்றே படிக்கிற மாதிரி மாற்றிக் கொடு என்று மகனிடம் கேட்டேன்.

"எதுக்குப்பா? அவசரம்னா அவங்களே தலைப்புல போட்டுருவாங்க" என்கிறான்.