யாருடைய ஆளும் இல்லாதவன்

மல்யுத்தக் காட்சி நடத்துகிறவன் என்று சொன்னால் எவரும் முதலில் என் உடம்பைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இருப்பது தொந்தி மட்டும். நான் சண்டை பிடிக்கிறவன் அல்ல. யார் யாரை எந்த நேரத்தில் தூக்கிப் போட வேண்டும், யார் எழும்பக் கூடாது என்று தீர்மானிக்கிறவன். வளைகுடாவில் மேடை கட்டும் கம்பனியொன்றில் வருடக்கணக்காக வேலை செய்தபோது, அங்கே வந்த மல்யுத்தக் கூட்டங்களுக்கு மேடை பூட்டியிருக்கிறேன். விழுகிறவனுக்கு அடி படாமல் பலகை எப்படி உள்வாங்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். வேறு உருப்படியான எதையும் படிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்ததும், வாழைச்சேனையில் ஒரு பட்டறையில் பழைய லொறிச் சட்டங்களை ஒட்டி என் மேடையைச் செய்தேன். பலகைக்குக் கீழே ஒரு தகரத்தைக் கட்டி, தகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக்கையும் தொங்கவிட்டேன். ஆள் விழுந்தால் ஒலிபெருக்கியில் இடி இடித்த மாதிரிக் கேட்கும். சனத்துக்கு அந்தச் சத்தம் போதும்.

என்னிடம் இரண்டு நல்லவர்கள் இருந்தார்கள். ஒருவன் எங்கள் ஊர்ப் புடவைக்கடையில் துணிக்கட்டுத் தூக்குகிறவன். மற்றவன் வாவிக்கு அந்தப் பக்கம், தமிழ் ஊரொன்றில் மேசன் வேலை செய்கிறவன். எங்கள் ஊரில் காட்சி என்றால் புடவைக்கடைக்காரன் வெல்வான். அந்தப் பக்கம் என்றால் மேசன் வெல்வான். இரண்டு பேரையும் ஒருநாளும் ஒருவரோடொருவர் மோதவிட்டதில்லை. முஸ்லிம் ஆளும் தமிழ் ஆளும் மோதினால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். அந்தத் தோல்வி மேடையோடு முடியாது. இரண்டு பக்கமும் வெட்டுக்குத்துப்பட்ட நாட்களைக் கண்ட என் வயதுக்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, இரண்டு பேரிடமும் தோற்பதற்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். அவன் யாருடைய ஆளாகவும் இருக்கக் கூடாது.

வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவன்தான் அகப்பட்டான். வாவியில் வலை போட்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்துவிடுவான். ஒருநாள் மழைச் சேற்றில் சைக்கிள் சறுக்கி, மீனெல்லாம் தெருவில் கொட்டுப்பட, அவன் மட்டும் ஒரு சுற்று உருண்டு, கீறல் இல்லாமல் எழும்பி நின்று சிரித்தான். இவன் விழத் தெரிந்தவன் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்டபோது யோசிக்காமல் ஒத்துக்கொண்டான். எங்கள் ஊரார் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்று கூப்பிட்டு, ஒரேயொரு நிபந்தனை வைத்தான்.

“முகம் தெரியக் கூடாது காக்கா. விடிஞ்சா உங்கட ஊருக்குத்தான் மீனோட வாறன். கெட்டவன்ட கையால ஆரு மீன் வாங்குவாங்க?”

“ஒரு குருவிக்கும் தெரியாது” என்றேன். அது நான் கொடுத்த வாக்கு.

முகமூடியை என் மனைவி தைத்தாள். அவள் வீட்டிலிருந்து எங்கள் பெண்கள் உடுக்கிற அபாயா தைக்கிறவள். மிஞ்சிய கறுப்புத் துணியில் வெட்டி, கண்ணைச் சுற்றி வெள்ளிக் கல் வேலையும் வைத்துவிட்டாள்.

“கெட்டவனுக்கு எதுக்கு இவ்வளவு வடிவு?” என்று கேட்டேன்.

“கெட்டவனெண்டா வடிவா இரிக்கக் கூடாதா?” என்றாள்.

முகத்தை மறைப்பது சுலபம். வாயை மறைப்பதுதான் கஷ்டம். எங்கள் பகுதியில் எல்லாரும் பேசுவது தமிழ்தான். ஆனால் ஒரு வசனம் பேசினால் போதும், ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அடி பட்டால் நாங்கள் உம்மாவைக் கூப்பிடுவோம், அவர்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அதனால் அவன் மேடையில் உறுமுவதோடு சரி. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொள்வான். வலித்தாலும் சத்தம் உறுமலாகத்தான் வரும்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுதுபட்டு மஃரிபு வர முதல் முடிப்போம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் சனம் அடைந்த சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு ஹாஜியார் குடையோடு வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று அவன் காலில் குத்துவார். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் தன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, முடிந்ததும் வெட்கத்தோடு வந்து கேட்டு வாங்கிப் போவார். அவனுக்கு இதெல்லாம் நல்ல பகிடி. அடுத்த நாள் காலை அதே ஹாஜியாருக்குக் கோழியாமீன் நிறுத்துக் கொடுப்பான்.

பிறகுதான் கதை கிளம்பியது. அந்தப் பக்கத்துப் பெண்கள் முகமூடித் துணியைக் கண்டுபிடித்தார்கள். அபாயாத் துணி, அபாயாக் கல், அப்படியென்றால் அவன் சோனி, எங்கள் முஸ்லிம் ஆள். எங்கள் ஊரில் அவன் கையைப் பார்த்தார்கள். மேடையேற முதல் கோயில் நூலைக் கழற்றி வைத்துவிடுவான். ஆனால் வெயிலில் கறுத்த மணிக்கட்டில், நூல் கிடந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அப்படியென்றால் அவன் தமிழன். யாருடைய ஆளும் இல்லாதவனை இரண்டு ஊரும் பங்கு போட்டு, ஒவ்வொன்றும் மற்றதன் தலையில் கட்டிவிட்டது.

எனக்கு இது தெரியும். தெரியாது என்று சொல்லி இப்போது தப்பிக்க நான் விரும்பவில்லை. கதை பரவப் பரவச் சனம் கூடியது. முன்பு வராதவர்களெல்லாம் வந்தார்கள். வேறு துணியில் ஒரு முகமூடியும், கைக்கு ஒரு பட்டியும் தைக்க அரை நாள் போதும். மனைவி இரண்டு தடவை சொன்னாள்.

“இஞ்ச பாருங்க, இது விளையாட்டில்ல. துணிய மாத்துவம்.”

“பாப்பம்” என்றேன்.

அவனும் கேட்டான். “அங்க கத்துறது இப்ப வேற மாதிரி இரிக்கி காக்கா. முந்தி என்னை ஏசினாங்க. இப்ப உங்கட ஆக்கள ஏசுறாங்க. இஞ்ச வந்தா எங்கட ஆக்கள ஏசுறாங்க.”

“நீ வாயத் துறக்காம இரி. எல்லாம் அடங்கிரும்” என்று சொன்னேன். நிரம்பி வழிகிற மைதானத்தைக் கையால் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் உண்மை.

வெள்ளாமை வெட்டு முடிந்த ஒரு பின்னேரம், வாவிக்கு அந்தப் பக்கம், வயல் வட்டை ஓரத்துத் தரிசில் மேடை போட்டோம். அன்றைக்கு வந்த அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவன் ஏறியதுமே கூச்சல். என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதை எழுத மாட்டேன். மேசன் அவனைத் தூக்கி ஒரு தடவை போட்டான். தகரம் இடித்தது. இரண்டாவது தடவை அவன் கயிற்றைப் பிடித்து எழும்பும்போது, எங்கிருந்தோ ஒரு அரைச் செங்கல் வந்து முகத்தில் பட்டது.

டியூப் துண்டு வாயிலிருந்து தெறித்து விழுந்தது. அவன் பலகையில் முகம் கவிழ்ந்து விழுந்தான். கீழே நான் கட்டிய மைக் அவன் சத்தத்தை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

“ஐயோ அம்மா! என்ட கண்ணு போச்சே அம்மா!”

கூச்சல் நின்றுவிட்டது. மேசன்தான் முகமூடியை அவிழ்த்தான். முன்னால் நின்ற ஒரு பெண், “ஐயோ, இது நம்மட பொடியனெல்லோ!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு எல்லாரும் ஓடி வந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தார்கள், சால்வையைக் கிழித்துக் கட்டினார்கள், ஓட்டோ பிடித்தார்கள். அழுதவர்களும் உண்டு. அவர்கள் கெட்ட சனமில்லை. ஓட்டோவில் ஏற்றும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிழையா நினைக்காதங்க. அவங்கட ஆளெண்டு நினைச்சுத்தான் ஆரோ எறிஞ்சு போட்டாங்க.”

மன்னிப்புக் கேட்பதாகத்தான் நினைத்துச் சொன்னார். தலையில் தொப்பியோடு நிற்கிற என்னிடம் சொன்னார். அந்த நேரம் அவருக்கு நானும் அந்த ‘அவங்கட ஆள்’தான் என்பது ஞாபகம் வரவில்லை. நானும், “பரவாயில்ல” என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அவன் கட்டிலில் கிடக்கும்போதே, அந்தப் பின்னேரத்து வீடியோ எங்கள் ஊர் முழுக்கப் போய்விட்டது. தொழுகை முடிந்து வந்தவர்கள் என் தோளில் தட்டினார்கள். “நாங்க அப்பவே சொன்னம்தானே, அவன் தமிழனெண்டு.” கண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர். தாங்கள் சொன்னது சரியாகிவிட்ட திருப்திதான் மற்றவர்களின் முகத்தில் இருந்தது. அவனுடைய சொந்தப் பக்கத்தில் காட்சி ஓய்ந்துபோனது. இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தேன். தெரிந்த பொடியனைப் பார்த்து எப்படிக் கத்துவது என்றார்கள்.

காயம் ஆறி அவன் மீண்டும் எங்கள் தெருவுக்கு மீனோடு வந்தான். யாரும் முகத்தை முறிக்கவில்லை. “இண்டைக்கு வாங்கியாச்சு தம்பி” என்றார்கள். அடுத்த நாளும் எல்லா வீட்டிலும் வாங்கியாகியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஹாஜியார் கதவைத் திறக்கவேயில்லை. எங்கள் வீட்டில் பகலும் இரவும் மீன்தான். மிஞ்சியதை மனைவி உப்புப் போட்டு மொட்டைமாடியில் காய வைத்தாள். அவள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. கதைக்க என்ன இருக்கிறது?

இப்படியே சில மாதம் போனது. ஒருநாள் காலை, அவன் எங்கள் முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து மனைவிக்காக மீன் வெட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்து ஆள் ஒருவர் கேற்றடியில் வந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிசன்தான். முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பவன் யாரென்று அவர் பார்க்கவில்லை.

“பெருநாள் கழிச்சு ஒரு காட்சி வைக்கணும் காக்கா. சனம் கேட்டுக்கிட்டே இரிக்கிது.”

“ஆளில்லையே” என்றேன்.

“ஏன், அந்த மீன்காரன் இரிக்கான்தானே. முகமூடி ஒண்டும் தேவல்ல. அவன்ட முகத்தோடயே ஏறட்டும். இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே. முந்தினதை விட நிறையும்.”

திட்டித் துரத்தியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவன் குழாயைத் திறந்து, கையில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாகக் கழுவினான். என் பக்கம் திரும்பவில்லை.

“பெருநாள் கழிச்சு எத்தினையாம் நாளெண்டு கேட்டயளா காக்கா?”

“கேக்கல்ல.”

“கேட்டு வையுங்க. மேடையேறுறதெண்டா அண்டைக்குத் தோணி போடாம நிக்கோணும்.”

நான் கேற்றைத் திறந்துகொண்டு, அந்த மனிசனுக்குப் பின்னால் போய், நாளைக் கேட்டு வந்தேன்.